கஜபதி காத்த மேடு

கஜபதி கைபட்ட தாளைப் பூச்சி அரித்ததில்லை. அவரைப் பற்றி யார் கேட்டாலும் எங்கள் துறையில் முதலில் இதைத்தான் சொல்வார்கள்.

அம்பத்தூர் பக்கம் இருந்த எங்கள் கல்லூரியின் தாவரவியல் துறையில் அவர் அட்டெண்டர். அது சம்பளப் பட்டியலில் இருந்த பெயர். உண்மையில் ஹெர்பேரியம் அறை முழுக்க அவர் பொறுப்பு. செடியைப் பறித்து வந்து, பழைய செய்தித்தாள்களுக்கு நடுவே வைத்து அழுத்தி, காய வைத்து, தடித்த தாளில் நூலால் தைத்து வைப்பார். தைப்பதற்கு முன்னால் ஒரு வேலை உண்டு. ஸ்பிரிட்டில் பாதரச உப்பைக் கரைத்து, அந்தக் கரைசலில் செடியை ஒரு முறை முக்கி எடுக்க வேண்டும். அதற்கு 'விஷம் காட்டுவது' என்று பெயர். மற்ற கல்லூரிகளில் மூன்றே வருடத்தில் வண்டு தின்று தூளாகிப்போன செடிகள், 1979இல் அவர் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இங்கே முழுசாக இருந்தன. விஷம் காட்டாமல் ஒரு இலைகூட அந்த அறையைத் தாண்டியதில்லை. குழந்தையைப் பொட்டு வைக்காமல் வெளியே அனுப்பாத மாதிரி.

சொந்த ஊர் பருத்திப்பட்டு. ஏரியை ஒட்டி நிலம் இருந்த பழைய குடும்பம். அப்பா போன பிறகு அண்ணன் உத்தமன் பயிரைப் பார்த்துக்கொண்டார். கஜபதி எட்டாவது வரை படித்தவர் என்பதால் கல்லூரி வேலைக்கு வந்தார். லத்தீன் பெயர்களையெல்லாம் தமிழ் எழுத்தில் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். பாடம் நடத்துகிறவர்களைவிட அவர் உச்சரிப்பு சுத்தம் என்று துறைத் தலைவர் தாட்சாயிணி மேடம் எங்கள் முன்னாலேயே சொல்வார். அது எங்களில் யாருக்கும் பிடிக்காது.

நான் அங்கே படித்தது 84 முதல் 87 வரை. அதற்குப் பிறகு எங்கெங்கோ போய், 1990இல் இங்கிலாந்தில் ஒரு ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தேன். கீழே எழுதுவதில் பாதி கஜபதியே 94இல் என்னிடம் சொன்னது. மீதி மேடத்தின் கடிதங்களில் இருப்பது. நான் நேரில் பார்த்தது மிகக் குறைவு. அதனால் எங்காவது கூட்டியோ குறைத்தோ சொல்லிவிடுவேனோ என்ற பயம் இருக்கத்தான் செய்கிறது.

ஆய்வுக்கூடத்தின் வேலையை முதலில் சொல்லிவிட வேண்டும். இலைக்குள் இருக்கும் பச்சை மணிகளைப் பசுங்கணிகம் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். செடியின் பெரிய மரபுச் சுருளோடு, அதாவது டி.என்.ஏ.வோடு, சேராமல், அந்த மணிக்குள் தனியாக ஒரு சின்னச் சுருள் உண்டு. ஏறக்குறைய ஒன்றரை லட்சம் எழுத்து. அவ்வளவையும் படிக்க அப்போது எங்களுக்கு வசதி இல்லை. அதில் ஒரே ஒரு மரபணுவை, ஆயிரத்து நானூற்றுச் சொச்சம் எழுத்தை மட்டும் படித்து, ஒரு செடியோடு இன்னொன்றை எழுத்துக்கு எழுத்து வைத்துப் பார்ப்போம். எத்தனை எழுத்து மாறியிருக்கிறது என்பதை வைத்து எது எதற்கு உறவு என்று சொல்வோம்.

லில்லிக் குடும்பத்துக்கு அந்த வேலை அவசரமாகத் தேவைப்பட்டது. நாங்கள் கல்லூரியில் படித்தபோது வெங்காயம், கற்றாழை, தண்ணீர்விட்டான் கிழங்கு, செங்காந்தள் எல்லாம் ஒரே குடும்பம். ஆறு இதழ், ஆறு மகரந்தத் தாள், மூன்று அறைச் சூலகம் இருந்தால் போதும், உள்ளே விட்டுவிடுவார்கள். ஒரே தெருவில் குடியிருக்கிறவர்களையெல்லாம் சொந்தக்காரர்கள் என்று எழுதி வைத்த கதைதான். எழுத்துகளைப் படிக்கத் தொடங்கியதும் அந்தத் தெரு கலைய ஆரம்பித்தது. காந்தளுக்கு உண்மையில் யார் உறவு என்பது என் பங்குக்கு வந்த கேள்வி.

அதற்கு எனக்கு ஒரு சின்னச் செடி வேண்டியிருந்தது. இஃபிஜீனியா என்பார்கள். எங்கள் பக்கம் யாரும் அதற்குப் பெயர் வைத்ததாகத் தெரியவில்லை. புல்லோடு புல்லாக ஒரு சாண் உயரம் நிற்கும். நுனியில் நாவல்பழ நிறத்தில் ஆறு ஒடுங்கிய இதழ்கள். மழை விழுந்து மூன்றாவது வாரத்தில் பூக்கும், பிறகு காய்த்து மண்ணுக்குள் போய்விடும். 1985இல் கஜபதி அதைக் கொண்டுவந்து மேடத்தின் மேசையில் வைத்தபோது நான் அந்த அறையில் இருந்தேன். அவர்கள் குடும்ப நிலத்தில் ஏர் ஓட்டாமல் மாடு மேய விட்டிருந்த மேட்டில் கிடைத்தது. மாங்காடு, பூந்தமல்லி, அயப்பாக்கம் என்று அதற்குப் பிறகு அவர் தேடாத இடமில்லை. வேறெங்கும் அகப்படவில்லை.

1991இல் இதையும் சேர்த்து நான்கு செடிகளின் இலை கேட்டு மேடத்துக்கு எழுதினேன். விரைவாக உலர்த்தி அனுப்பவும் என்று ஒரு வரி, அதுவும் ஆங்கிலத்தில். கஜபதி உலர்த்தினார். வெளிநாடு போகிற இலை என்பதால் ஒரு முறைக்கு இரண்டு முறை விஷம் காட்டினார்.

ஸ்பிரிட்டில் ஊறிய இலையில் மரபுச் சுருள் நார்நாராகப் போய்விடும். மூன்று மாதம் போராடிப் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை. 92 ஜனவரியில் மேடத்துக்கு எழுதினேன்: நான்கு மாதிரிகளும் பயனற்றவை, யாரோ ஸ்பிரிட்டில் முக்கியிருக்கிறார்கள். 'யாரோ' என்று எழுதினேன். யார் என்று எனக்குத் தெரியும். அவர் எப்படி வேலை செய்வார் என்பதும் தெரியும். முக்க வேண்டாம் என்று நான்தான் சொல்லியிருக்க வேண்டும்.

அந்தக் கடிதத்தை மேடம் துறையில் தேநீர் நேரத்தில் வாசித்துவிட்டார். விலங்கியல் துறை அட்டெண்டர் வீராசாமி அப்போது அங்கே இருந்தார்.

"இன்னா கஜபதி, சீமைக்குக் கருவாடு பார்சல் பண்ணியாமே? திருப்பிக் குடுத்துட்டானாம், உப்பு ஜாஸ்தின்னு."

அதற்குப் பிறகு சில மாதம் அவரைக் கல்லூரியில் கருவாட்டுக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். முதல் வருட மாணவர்கள்கூட. மற்ற மூன்று செடிகளின் இலை எனக்கு வேறு இடங்களிலிருந்து கிடைத்துவிட்டது. இஃபிஜீனியா மட்டும் கிடைக்கவில்லை. கஜபதி மேடத்திடம் போய், இந்த வருஷ மழைக்கு நானே அனுப்புகிறேன், அவருக்கு எழுதிவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறார். அவர் கொடுத்த முதல் வாக்கு அது.

மார்ச் மாதம் ஒரு டப்பாவில் சிலிகா ஜெல் மணிகளை அனுப்பினேன். இலையைச் சுருட்டி அதற்குள் போட்டால் ஒரே நாளில் ஈரத்தை உறிஞ்சி மொறமொறப்பாக்கிவிடும். நீல நிறத்தில் இருக்கும் மணி ஈரம் குடித்தால் ரோஜா நிறமாகிவிடும், சூடு காட்டினால் மறுபடி நீலம். டப்பா மூடி உடைந்து, எல்லாம் ரோஜா நிறமாகத்தான் அவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது. வீட்டில் வாணலியில் போட்டு வறுத்து நீலமாக்கினார். அவர் மனைவி கஸ்தூரி அந்த வாணலியை மறுபடி அடுப்பங்கரைக்குள் விடவில்லை. கொல்லையில் கோழிக்குத் தண்ணீர் வைக்கப் போயிற்று.

அந்தக் கோடையில்தான் நிலம் விற்கும் பேச்சு வந்தது. ஆவடியிலிருந்து இந்தப் பக்கம் மனைப்பிரிவுகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. டேங்க் ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் இருந்தவர்கள் ஓய்வு பெற்றதும் ஊருக்குத் திரும்பாமல் இங்கேயே மனை வாங்கினார்கள். நாகேந்திரன் என்ற புரோமோட்டர் அண்ணன் தம்பி இரண்டு பேர் பங்கையும் சேர்த்துக் கேட்டார். உத்தமனின் மகளுக்கு ஆவணியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. ஆனி மாதத்துக்குள் பத்திரம் பதிந்துவிட வேண்டும் என்பது உத்தமனின் கணக்கு. பதிந்த மறுநாள் புல்டோசர் வந்து சமன் செய்துவிட்டுக் கல் நடுவது நாகேந்திரனின் கணக்கு.

கஜபதிக்கு விற்பதில் மறுப்பே இல்லை. மழை வந்து அந்தச் செடி தலைகாட்டும் வரை மேட்டை விட்டுவைக்க வேண்டும், அவ்வளவுதான் கேட்டார். கிழங்கைத் தோண்டி எடுத்துவிடலாம் என்று ஜூனில் கடப்பாரையோடு போய்ப் பார்த்தார். மண் கல்லாக இருந்தது. மேலே அடையாளம் ஒன்றும் இல்லாததால் எங்கே தோண்டுவது என்றும் தெரியவில்லை. கோரைக்கிழங்குதான் வந்தது. பிறகு அண்ணனிடம் உள்ளதை உள்ளபடி சொன்னார். நம்ம மேட்டில் ஒரு செடி இருக்கிறது, போன வருடம் நான் கெடுத்து அனுப்பிவிட்டேன், இந்த வருடம் சரியாக அனுப்ப வேண்டும் என்று.

உண்மையைச் சொன்னதால் ஒருவரும் நம்பவில்லை. தம்பி ரோட்டோர மனைக்கு அடி போடுகிறான் என்று உத்தமன் நினைத்தார். மேட்டில் சூலத்தை நட்டு அம்மன் இருக்கிறாள் என்று சொல்லப் போகிறான், அப்புறம் யார் வாங்குவார்கள் என்று நாகேந்திரன் பயந்தார். அண்ணி பார்வதம் மட்டும் வீடு தேடி வந்து கேட்டாராம்.

"தம்பி, உனுக்கு இன்னா வேணும்னு வாயத் தொறந்து சொல்லிடு. பொண்ணு கல்யாணத்த வச்சிகினு இந்தாளு தூங்க மாட்றாரு. புல்லு புல்லுங்கறியே, யாருனா நம்புவாங்களா?"

எதுவும் வேண்டாம் அண்ணி, மழைதான் வேண்டும் என்று கஜபதி சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டு அந்த அம்மாள் அழுதுவிட்டாராம். திமிர் என்று நினைத்திருப்பார்.

பிறகு கஜபதி செய்தது எனக்குச் சரியென்று படவில்லை, அவருக்கும் படவில்லை. ஆனி மாதம் பதிவுக்கு நாள் குறித்த மூன்று முறையும் தட்டிக் கழித்தார். ஒரு முறை பல்கலைக்கழகத் தேர்வு, ஒரு முறை காய்ச்சல், ஒரு முறை பட்டாவில் அப்பா பெயர் தப்பாக இருக்கிறது என்று ஒரு சாக்கு. ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் எங்கள் பக்கம் யாரும் பத்திரம் பதிய மாட்டார்கள். வாங்குகிறவர் வர மாட்டார், எழுதுகிறவர் எழுத மாட்டார். ஆவணி ஒன்றாம் தேதி கண்டிப்பாகக் கையெழுத்துப் போடுகிறேன், மழை வந்தாலும் வராவிட்டாலும், என்று அண்ணனிடம் சொன்னார். இது இரண்டாவது வாக்கு. தம்பி ஏன் ஆனியை இழுத்தடித்தான் என்பது உத்தமனுக்கு அப்போதுதான் புரிந்தது. அன்றிலிருந்து பேச்சை நிறுத்திக்கொண்டார்.

ஆடி பன்னிரண்டில் சாயங்காலம் இடியோடு மழை பெய்தது. அடுத்த வாரமே மேடு பச்சையாகிவிட்டது. அதுதான் சிக்கல். அத்தனையும் புல். பூக்கிற வரை இந்தச் செடியைப் புல்லிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது. இதுவாக இருக்கலாம் என்று ஒன்றை அனுப்பினால் மறுபடி கருவாடு. கஜபதி தினமும் விடிந்ததும் மேட்டுக்குப் போய், குனிந்தபடியே ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்துவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு கல்லூரிக்குப் போவார். சந்தேகப்பட்ட இடங்களில் துடைப்பக் குச்சியைக் குத்தி வைத்தார். குச்சியைப் பார்த்த நாகேந்திரனுக்குச் சூலம் உறுதியாகிவிட்டது. நேராக உத்தமனிடம் போய்ச் சொன்னார்.

ஆடி முப்பதாம் தேதி காலை கஜபதி போகும்போது ரோட்டு முனையில் புல்டோசர் நின்றிருந்தது. வரப்பில் உத்தமன், பக்கத்தில் நாகேந்திரன். வண்டி ஏற்கெனவே இரண்டு முறை போய் வந்திருந்தது. சிவப்பு மண் புரண்டு கிடந்தது.

"ணா, ஆடி முடியலையே" என்றார் கஜபதி.

உத்தமன் தம்பியைப் பார்க்காமல் நாகேந்திரனைப் பார்த்துச் சொன்னார். "கையெய்த்துதான் ஆடில போடக் கூடாது. மண்ணத் தள்ளக் கூடாதுன்னு எந்தப் பஞ்சாங்கத்துல கீது? எட்டாவது படிச்ச அறிவு அவனுக்கு இர்ந்தா, படிக்காத அறிவு எனுக்கு இர்க்கும்."

கஜபதி மேட்டின் மறுமுனைக்குப் போனார். முதல் நாள் அங்கே நான்கு குச்சிக்குப் பக்கத்தில் மொட்டு மாதிரி ஏதோ இருந்தது, ஆனால் உறுதியில்லை. இப்போது இரண்டு விரிந்திருந்தன. உட்கார்ந்துவிட்டார். வண்டி திரும்பி அவரை நோக்கி வரத் தொடங்கியது. எழுந்திருக்கவில்லை. வீம்பு இல்லை, அப்போது வண்டிச் சத்தமே காதில் விழவில்லை என்று என்னிடம் சொன்னார்.

டிரைவர் நிறுத்திவிட்டுக் கத்தினார். உத்தமன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேகமாக வந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று நாகேந்திரன் நினைத்தாராம். வந்தவர் தம்பியின் தலைக்கு மேலிருந்து குனிந்து பார்த்தார். கஜபதி விரலால் காட்டினார். மூக்குத்தி அளவுக்கு ஒரு பூ.

"இதுவா?"

"இதான்ணா."

"இதுக்கா?"

"இதுக்குத்தான்."

உத்தமன் அந்த மேட்டில் சிறு வயதிலிருந்து மாடு மேய்த்தவர். ஒரு நாளும் அந்தப் பூவைப் பார்த்ததில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்ததாகக் கஜபதி சொன்னார். அதைவிட, தம்பி பொய் சொல்லவில்லை என்பது. பிறகு அவர் திரும்பி டிரைவரிடம், "போய் டீ குட்சிட்டு வா நைனா. மெதுவா குடி" என்றார். நாகேந்திரன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "நீயும் போய் குடி" என்றார்.

முக்கால் மணி நேரம் கிடைத்தது. விரிந்த இரண்டோடு ஒப்பிட்டுப் பார்த்ததில், குச்சி இருந்த இடங்களில் பதினொரு செடி தேறின. ஆறின் இலைகளை வெறும் தண்ணீரில் கழுவி, துணியில் ஒற்றி, நீல மணிக்குள் போட்டார். இரண்டைப் பூவோடு ஹெர்பேரியத்துக்கு அழுத்தி வைத்தார். மூன்றைக் கிழங்கோடு தோண்டிச் சட்டியில் வைத்தார். அந்த மூன்றும் அடுத்த வருடம் முளைக்கவில்லை. மதியத்துக்குள் மேடு சமமாகிவிட்டது.

ஆவணி ஒன்றாம் தேதி சொன்னபடி பதிவு அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டார். ஆனியில் வர வேண்டிய பணம் ஆவணியில் வந்ததால் உத்தமனுக்கு நெருக்கடி. கல்யாணத்தை ஐப்பசிக்குத் தள்ள வேண்டியதாயிற்று. பிள்ளை வீட்டார் இரண்டு வார்த்தை சொல்லிக் காட்டினார்கள். அதற்குக் காரணம் கஜபதிதான். ஒருவகையில் நானும்தான். தம்பிக்குப் பத்திரிகை வைக்க உத்தமன் வரவில்லை, பார்வதம் மட்டும் தட்டோடு வந்தார். கஜபதியும் கஸ்தூரியும் முதல் நாளே போய்ச் சமையல்கட்டில் நின்று வேலை செய்தார்கள். அண்ணன் ஒரு வார்த்தை பேசவில்லை. மேட்டில் "இதுக்கா" என்று கேட்டதுதான் அவர் தம்பியிடம் கடைசியாகப் பேசியது.

இலை எனக்கு செப்டம்பரில் வந்தது. பிரித்ததும் வாசம் பிடித்துப் பார்த்தேன். வைக்கோல் வாசம். ஸ்பிரிட் இல்லை. இந்த முறை மரபுச் சுருள் உடையாமல் வந்தது. ஆனாலும் எழுத்துகளை மூன்று தடவை படித்தேன், நான் தப்பாகப் படித்துவிடக் கூடாதே என்று. 93 பிப்ரவரியில் முடிவு தெரிந்தது. வெங்காயமும் கற்றாழையும் தண்ணீர்விட்டானும் ஒரு கிளை. காந்தள் வேறு கிளை, அதற்கு நெருங்கிய உறவு இந்தப் பெயரில்லாத மேட்டுச் செடி. இந்த முறை மேடத்துக்கு எழுதாமல், கஜபதி பெயருக்கே தமிழில் எழுதினேன். முதல் பக்கம் முழுக்க மன்னிப்பு. இரண்டாவது பக்கத்தில் முடிவை எழுதி, இந்த எழுத்துகள் பெரும்பாலான செடிகளில் தாய் வழியாக மட்டுமே வருகின்றன, அப்பாவிடமிருந்து வருவதில்லை என்பதையும் எழுதியிருந்தேன்.

முதல் பக்கத்தைப் பற்றி அவர் கடைசி வரை ஒன்றும் சொல்லவில்லை. கடிதம் வந்த அன்று சாயங்காலம் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனார். உத்தமன் வாசலில் கட்டிலில் உட்கார்ந்து ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். கஜபதி நின்றபடியே இரண்டாவது பக்கத்தை வாசித்தார். பார்வதம் உள்ளேயிருந்து வந்து நிலைப்படியில் நின்றுகொண்டார். வாசித்து முடித்த பிறகும் உத்தமன் ரேடியோவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் அதை அணைத்தார்.

"இன்னாவாம்? காந்தளுக்குப் பங்காளியாமா நம்ம புல்லு?"

"பங்காளி இல்லணா. அம்மா வழி. அக்கா தங்கச்சி பசங்க மாதிரி."

உத்தமன் யோசித்தார். "அக்கா தங்கச்சி பசங்களா. அப்போ நெலத்துல பங்கு இல்ல, சண்டையும் இல்ல. குட்த்து வச்சதுங்க" என்றார். பிறகு காலை மடக்கிக்கொண்டு, கட்டிலில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். "ஒக்காரு. நின்னுகினே படிக்கிற."

கஜபதி உட்கார்ந்தார். இன்னொரு முறை முதலிலிருந்து வாசிக்கச் சொன்னாராம் அண்ணன், மெதுவாக.